தானே நின்று தானே எழும் கணினி

றப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த ருவான்வெல்லையில், சித்திரை, ஐப்பசி மாதங்களின் மாலை வேளைகளில் இடி முழங்குவது வழக்கம். அத்தகைய மாலையொன்றில் ஓர் அலுவலகத்தின் சேவையகம் சட்டென நின்று மீண்டும் இயங்கத் தொடங்குகிறது எனக் கொள்வோம். சேவையகம் என்பது, பல கணினிகளுக்கு வேண்டிய பதிவேடுகளை ஓரிடத்தில் காத்து வழங்கும் தலைமைக் கணினி. மின்னலின் வேலை என்பார் சிலர். பொறுப்பாளன் எதையோ அழுத்திவிட்டான் என்பார் வேறு சிலர். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்ததைக் கண்டு காகத்தைப் பழிப்பது போன்றது இது. இதனால் குற்றமற்றவன் பழி சுமக்கிறான். பழுதோ உள்ளேயே இருந்து, மறுமுறை பதிவேட்டையே சிதைக்கிறது.

முதலில் அறிய வேண்டியது, கணினி முறைப்படி மூடப்பட்டதா, இடையில் அறுந்து நின்றதா என்பதே. விண்டோஸ் கணினியின் நிகழ்வுப் பதிவேட்டில் 1074 என்னும் இலக்கம் காணப்படின், யாரோ ஒருவர் அல்லது ஏதோ ஒரு மென்பொருள் கட்டளையிட்டதால் அது நின்றது என்பது பொருள். கட்டளையிட்டது எது என்பதும் அங்கேயே பதிவாகியிருக்கும். மென்பொருள் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டதே பலவேளைகளில் காரணமாகும். 41 என்னும் இலக்கமோ, கணினி முறைப்படி மூடப்படவில்லை என்பதை மட்டுமே கூறும். அது நோயின் அறிகுறி; நோயன்று.

அடுத்து, அதே நிமிடத்தில் அதே மின்னிணைப்பிலுள்ள பிற கருவிகளும் நின்றனவா என வினவுதல் வேண்டும். நின்றிருப்பின், மின்வழங்கலையும் யூ.பி.எஸ். கருவியின் மின்கலத்தையும் சோதித்தல் தகும். சில ஆண்டுகளில் மின்கலம் வலுவிழந்துவிடும். ஆயினும் கருவியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கக்கூடும். சேவையகம் மட்டுமே நின்றிருப்பின், தூசி அடைத்த விசிறி, மிகுந்த வெப்பம், பழுதுற்ற நினைவகம், தளர்ந்த இணைப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆராய்தல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், எது பிழை செய்தது என்பது என்றும் விளங்காது.

தூண்டியது எது, தாங்காமற் போனது ஏன் என்பன இருவேறு வினாக்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதே காரணம் என அன்று கூறப்பட்டது. உலகமே நகைத்தது. ஆயினும், ஒரு குரங்கு தொட்டதற்கு ஒரு நாடே இருளலாமா? விடுமுறை நாளாதலின் மின்தேவை குறைந்திருந்தது. வெயிலால் சூரிய மின்சாரம் மிகுந்திருந்தது. ஆகவே சுழலும் பெரும் பொறிகள் குறைவாயிருந்தமையால், அதிர்வைத் தாங்கும் உறுதி வலையமைப்பில் குன்றியிருந்தது என மின்சார சபை பின்னர் விளக்கிற்று. குரங்கு தூண்டியது, தாங்கும் உறுதியின்மையே வீழ்த்தியது.

சேவையகத்துக்கும் இது பொருந்தும். மின்னலை எவராலும் தடுக்க முடியாது. வலுவிழந்த மின்கலத்தை மாற்ற முடியும். அது தெரியாதார் புதிய கணினியே வாங்குவர். அடுத்த இடியில் அதுவும் நின்றுவிடும். ஆதலின், சேவையகத்தின் அருகே ஒரு கொப்பி இருத்தல் நன்று. அது நின்ற நாள், மணி, அன்றைய வானிலை, அண்மையில் மாற்றப்பட்டது யாது என்பவற்றை அதில் குறித்துவந்தால், மூன்றாம் முறை நிற்கும்போது ஊகத்துக்கு இடமிராது. பழியைச் சுமக்க ஆளும் தேட வேண்டியதில்லை.