ஒரு நொடிக்கு 50 மீட்டர்!

ஆரணியிலிருந்து ஆற்காடு வந்து, பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்துச் சென்னைப் பக்கம் வண்டியை விட்டால், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் இருங்காட்டுக்கோட்டை. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-ல் தனக்கென்று ஒரு தடத்தை இங்கே திறந்தது. ஒரு சுற்று ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். டிராக் டே என்று அறிவிக்கிற நாட்களில் பணம் கட்டி, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, நம் சொந்தக் காரையே இதில் ஓட்டலாம். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் தடத்தைப் பார்ப்பார்கள். வாருங்கள், நாம் கார்களை நிறுத்தித் தயார்செய்யும் பிட்டுக்குள் நுழைவோம். அசல் கொண்டாட்டம் அங்கேதான்!

பின்சீட்டைக் கழற்றிவிட்ட ஒரு போலோ கார் நிற்கிறது. உள்ளங்கையில் அடங்கும் ஜிபிஎஸ் ரிசீவர், அடியில் இருக்கும் காந்தத்தால் கூரையில் டக்கென்று ஒட்டிக்கொள்கிறது. டாஷ்போர்டுக்குக் கீழே, சர்வீஸ் சென்டரில் கருவியைச் செருகுவார்களே, அந்த ஓபிடி சாக்கெட்டில் ஒரு ப்ளூடூத் பிளக். இஞ்சின் எவ்வளவு சுற்றுகிறது, ஓட்டுகிறவர் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறார், கூலன்ட் எவ்வளவு சூடு, எல்லாம் போனுக்கு வந்து கொட்டுகிறது. கண்ணாடியில் ஒட்டிய அந்தப் போனில் ரேஸ்குரோனோ போன்ற ஒரு ஆப். இவ்வளவுதான் ஆய்வுக்கூடம்!

போனிலேயே ஜிபிஎஸ் இருக்கிறதே, கூரையில் இன்னொன்று எதற்கு? இங்கேதான் கணக்கு சூடுபிடிக்கிறது. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 50 மீட்டர். போன் பெரும்பாலும் நொடிக்கு ஒருமுறைதான் இடம் சொல்லும். அதாவது 50 மீட்டருக்கு ஒரு புள்ளி. நடுவில் பிரேக் பிடித்தது, கியர் இறக்கியது, ஸ்டீயரிங் திருப்பியது எல்லாம் அந்த இடைவெளியில் காணாமல் போய்விடும். நொடிக்கு 10 முறை பதியும் ரிசீவர் வைத்தால் 5 மீட்டருக்கு ஒரு புள்ளி, 25 முறை பதிந்தால் 2 மீட்டருக்கு ஒன்று. அப்போதுதான் திருப்பத்தின் வளைவு முழுசாகத் தெரியும். பந்தயங்களில் நேரம் எடுப்பது வேறு வழியில்: காரில் ஒரு டிரான்ஸ்பாண்டர், தடத்துக்கு அடியில் புதைத்த கம்பிச்சுருள். கார் மேலே கடந்ததும் நேரம் பதிவாகிவிடும். ஆனால் அது சொல்வது நேரத்தை மட்டும். எங்கே கோட்டை விட்டோம் என்று சொல்லாது.

அதைச் சொல்வதற்குத்தான் லேப்டாப்! செஷன் முடிந்து, வியர்வை காயுமுன் இரண்டு சுற்றுகளின் வேகக்கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவார்கள். நேரப்படி அல்ல, தூரப்படி. அப்போதுதான் இரண்டு சுற்றிலும் ஒரே இடம் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும். மெயின் ஸ்ட்ரெய்ட் முடிந்ததும் வரும் சி 1, துணிச்சலைச் சோதிக்கும் வேகத் திருப்பம். அதில் காலை எடுக்கவே இல்லை என்று யாராவது சத்தியம் செய்துகொண்டிருக்கும்போதே திரையில் ஆக்சிலரேட்டர் கோடு 100 சதவீதத்திலிருந்து சரிந்து மறுபடி ஏறும். பிட் முழுக்க ஒரே சிரிப்பு! மனசு மறைத்ததைக் கால் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஆரணியில் பட்டுத்தறி மேல் இருக்கும் ஜக்கார்டுக்கு அட்டை குத்துகிறவர்களுக்கு இந்தத் திரை அந்நியமாக இருக்காது. கட்டம் போட்ட தாளைப் பார்த்து, எந்தக் கட்டம் தப்பினால் பார்டரில் எந்த இடம் கெடும் என்று சொல்லிவிடும் கண் அவர்களுடையது. இங்கே வேண்டியதும் அதே கண்தான்.

புதியவர்கள் எல்லாரும் தேடுவது ஒன்றைத்தான்: பிரேக்கை இன்னும் தாமதமாகப் பிடிப்பது. தரவு வேறு கதை சொல்லும். திருப்பத்தை விட்டு வெளியேறும்போது மணிக்கு 4 கிலோமீட்டர் கூடுதலாக இருந்தால், அடுத்து வரும் நேர்பாதையில் வெகுதூரம் அந்த லாபம் கூடவே ஓடிவரும். தாமத பிரேக்கில் கிடைப்பதோ சில மீட்டர்தான். தடத்தின் ஒவ்வொரு பகுதியிலும் நீங்கள் ஓட்டிய சிறந்த நேரங்களைக் கூட்டி, உங்களால் முடியக்கூடிய சுற்று இது என்றும் மென்பொருள் காட்டும். ஆசை காட்டும் எண்! ஆனால் ஒரு திருப்பத்தில் அடித்துப் பிடித்து மிச்சம் பிடித்ததை அடுத்த திருப்பத்தில் இழந்திருக்கலாம் என்பதால், அதை அப்படியே நம்பக் கூடாது என்பது என் கட்சி.

கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1 ஓட்டினாரே, அந்த உலகத்தில் கார் ஓடும்போதே எண்கள் பிட்டுக்குப் பறந்து வந்துவிடும். நமக்கு ஓடி முடித்தபின் பார்ப்பதே போதும்.

போக நினைப்பவர்களுக்கு: பதிவுக்கருவி பொருத்தலாமா என்று நடத்துபவரிடம் முதலில் கேளுங்கள். இங்கிலாந்தில் பல டிராக் டேக்களில் காப்பீட்டுச் சிக்கலால் நேரம் எடுக்கவே அனுமதி இல்லை. நம் ஊர் சாதாரண கார் பாலிசியும் பந்தயத்துக்கும் வேகச்சோதனைக்கும் பொறுப்பேற்காது. எல்லாம் சரியாக இருந்தால், முதல் செஷனில், உங்கள் சிறந்த சுற்றைவிட எவ்வளவு முந்துகிறீர்கள், பிந்துகிறீர்கள் என்று திரையில் ஓடும் டெல்டா எண்ணை மறைத்துவையுங்கள். பதிவு மட்டும் ஓடட்டும். கண் தடத்தில் இருக்கட்டும்.