புத்தளத்துச் சுண்ணக்கல்: எடுப்பது யார், எஞ்சுவது யாருக்கு?

சுண்ணக்கல் ஏற்றிய புகையிரதம் தமது நகரின் ஊடாகச் செல்வது புத்தளம் மக்களுக்குப் புதிய காட்சியல்ல. வண்ணாத்திவில்லுப் பிரதேசத்தின் அருவக்காட்டில் அகழப்படும் கல், ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரம் பயணித்துப் பாலாவி சீமெந்துத் தொழிற்சாலையைச் சென்றடைகிறது. அதே அருவக்காட்டில் கல் எடுத்து முடிந்த நிலத்துக்கு 2019ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் முதல் கொழும்பின் குப்பை வரத் தொடங்கியது. கனிய வளங்களை நிலைபேறான மனித அபிவிருத்திக்குப் பயன்படுத்துவது பற்றி மாநாடுகளில் நிறையப் பேசப்படுகின்றது. அதன் பொருளை விளங்கிக்கொள்ள இந்த 40 கிலோமீற்றர் பாதை ஒன்றே போதுமானது என நாம் கருதுகிறோம்.

முதலில் கல்லைப் பற்றி. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து மன்னார் ஊடாகப் புத்தளம் வரை நீளும் சுண்ணக்கற் படை, மயோசின் காலத்தில் இப்பகுதியை மூடியிருந்த ஆழமற்ற கடலில் சிப்பிகளும் பவளங்களும் படிந்து உருவானது. சீமெந்தின் மூலப்பொருளான ஒரு தொன் கிளிங்கரை உற்பத்தி செய்ய சுமார் ஒன்றரைத் தொன் சுண்ணக்கல் தேவை. அதனை 1,450 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் சூளையிட வேண்டும். 1950இல் உற்பத்தியை ஆரம்பித்த காங்கேசன்துறைத் தொழிற்சாலை, யுத்தத்தின் காரணமாக 1990இல் மூடப்பட்டது. அதன்பின் உள்நாட்டுச் சுண்ணக்கல்லிலிருந்து கிளிங்கர் தயாரிக்கும் பொறுப்பு முழுவதும் புத்தளத்தின் மீதே விழுந்தது. நாட்டின் ஏனைய சீமெந்து ஆலைகள், இறக்குமதியாகும் கிளிங்கரை அரைப்பதோடு நின்றுகொள்கின்றன.

ஆகவே கல்லை எடுக்கவே கூடாது என்று வாதிடுவதற்கு நாம் வரவில்லை. யுத்தத்தில் இடிந்த வீடுகளை மீளக் கட்டிய வடக்கு, கிழக்கு மக்களுக்குச் சீமெந்தின் அருமையை எவரும் எடுத்துரைக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ஓலைக் கொட்டில்களில் பல ஆண்டுகளைக் கழித்த முஸ்லிம் குடும்பங்களுக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். கனியத்தைப் பெறுவதும் அபிவிருத்திக்கான உரிமையே. ஆனால் அந்த உரிமை, கனியம் கிடைக்கும் மண்ணில் வாழ்பவனுக்கு என்ன தருகிறது என்பதுதான் கேள்வி.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் மற்றும் கனியங்கள் சட்டத்தின்படி, நாட்டின் கனியங்களின் உரிமை குடியரசையே சாரும். உங்கள் காணியின் அடியிலே கல் இருந்தாலும் அது உங்களுடையதன்று. இதனைத் தவறென்று கூறுவதற்கில்லை. தேசத்தின் செல்வம் தனியொருவரின் பெட்டிக்குள் போகாமலிருக்க இந்த ஏற்பாடு அவசியம். இயற்கை வளங்கள் மீதான இறைமை, அந்நாட்டு மக்களின் நல்வாழ்வுக்காகப் பிரயோகிக்கப்பட வேண்டும் என 1962 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய 1803ஆம் இலக்கத் தீர்மானமும் கூறுகிறது.

முஸ்லிம் வாசகர்களுக்கு இந்தச் சிந்தனை புதியதல்ல. யெமனின் மஃரிப் பகுதியிலிருந்த உப்பளத்தை அப்யழ் பின் ஹம்மால் என்ற தோழர் கேட்டபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனை வழங்கினார்கள். அது வற்றாத நீரூற்றைப் போன்றது என ஒருவர் சுட்டிக்காட்டியதும் அந்த வழங்கலை மீளப் பெற்றுக்கொண்டார்கள். எல்லோருக்கும் எளிதிற் கிட்டும் கனியத்தை ஒருவருக்கு எழுதிக்கொடுக்கலாகாது என்ற சட்டக் கருத்தைப் பிற்கால இமாம்கள் பலர் இந்நிகழ்விலிருந்தே வகுத்தனர். உப்பு விளையும் புத்தளத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் ஏது? இதே கரையோரத்தில்தான் ஒல்லாந்தரும் அவர்களுக்குப் பின் ஆங்கிலேயரும் உப்பைத் தமது ஏகபோகமாக வைத்திருந்தனர்.

அரசு கனியத்தின் உரிமையாளர் என்றால், அது எத்தகைய உரிமையாளர்? இதற்கான விடையை எமது உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தந்துவிட்டது. அநுராதபுர மாவட்டத்தின் எப்பாவலவில் உள்ள பொஸ்பேற்றுப் படிவை, அமெரிக்க நிறுவனமொன்று பங்குகொண்ட திட்டத்துக்கு வழங்க அரசு முயன்றபோது, அவ்வூர் விவசாயிகளும் விகாராதிபதியும் நீதிமன்றத்தை நாடினர். நீதியரசர் ஏ. ஆர். பி. அமரசிங்க எழுதிய தீர்ப்பு, இயற்கை வளங்களைப் பொறுத்தவரை அரசு மக்களுக்குப் பொறுப்புக் கூறவேண்டிய பாதுகாவலர் என்பதை வலியுறுத்தியது. முறையான ஆய்வும் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் இன்றி ஒப்பந்தத்தை மேற்கொண்டு செல்ல முடியாது எனவும் தடுத்தது. எப்பாவல மண்ணில் பொஸ்பேற்று இன்றும் இருக்கிறது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு விவசாயிகள் தவித்தபோது அதன் பெயர் மீண்டும் பலரின் நினைவுக்கு வந்தது.

அருவக்காட்டில் இந்தப் பாதுகாவலர் எங்கே இருந்தார்? 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொழும்பின் குப்பைக்கு மாற்றிடம் தேவைப்பட்டது உண்மை. கற்குழி தயாராக இருந்தது. அதன் அருகே வாழ்பவர்களின் குரல் கொழும்பை எட்டாத தொலைவில் இருந்தது. கசிவைத் தடுக்கும் படலத்துடன் கூடிய நவீன நிலநிரப்பல் இது என அதிகாரிகள் விளக்கமளித்தனர். பொறியியல் ரீதியாக அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் வண்ணாத்திவில்லுப் பகுதியின் ஆழ் நிலத்தடி நீர் தேங்கியிருப்பதும் இதே சுண்ணக்கற் படையிலேதான். வடக்கே வில்பத்துக் காடு, மேற்கே களப்பை நம்பி வாழும் மீனவக் கிராமங்கள். 2018இல் தொடங்கிய சத்தியாக்கிரகத்தில் முஸ்லிம்களும் தமிழர்களும் சிங்களவர்களும் நூறு நாட்களையும் கடந்து ஒன்றாக அமர்ந்திருந்தது இதனாலேயே. நுரைச்சோலையில் 900 மெகாவாற் அனல் மின் நிலையத்தின் நிலக்கரித் தூசையும் சாம்பலையும் ஏற்கெனவே தாங்கி நிற்கும் மாவட்டம் அது என்பதையும் மறந்துவிடலாகாது.

கற்குழிகளில் மரநடுகை நடைபெறவில்லை என்று கூற முடியாது. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் ஆலோசனையுடன் காட்டை மீளுருவாக்கும் முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. ஆனால் நிறுவனத்தின் நல்லெண்ணம் வேறு, மக்களின் சட்டபூர்வ உரிமை வேறு. தொழிற்சாலை 1993இல் தனியார்மயமானது முதல் பலமுறை கைமாறியிருக்கிறது. 2016இல் தாய்லாந்து நிறுவனமொன்று அதனை வாங்கியது. உரிமையாளர் மாறும்போது நல்லெண்ணமும் மாறலாம். அண்டை நாடான இந்தியா 2015இல் சட்டத்தைத் திருத்தி, அகழ்வு நடைபெறும் மாவட்டங்களில் கனிம அறக்கட்டளைகளை அமைத்தது. அரியலூர் போன்ற சுண்ணக்கல் மாவட்டங்களில் அகழ்வோர் அரசுக்குரிய உரிமைக் கட்டணத்துக்கு மேலதிகமாக அதில் ஒரு வீதத்தை அந்நிதிக்குச் செலுத்த வேண்டும். குடிநீர், கல்வி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு அது செலவிடப்பட வேண்டும். அங்கும் நிர்வாகக் குறைபாடுகள் உண்டு. எனினும் கேட்டுப் பெறுவதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. எமது 1992ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தகைய மாவட்ட நிதியம் இல்லை.

புத்தளத்துக்கு வடக்கே மன்னார்த் தீவின் மணலில் இல்மனைற்று அகழும் முயற்சிக்கும் காற்றாலைகளுக்கும் எதிராக 2025 ஓகஸ்டில் மக்கள் வீதிக்கு இறங்கினர். அவர்களுக்குப் பதில் கூறுமுன் அரசு அருவக்காட்டின் கணக்கைத் திறந்து வைக்கட்டும். எத்தனை தொன் கல் எடுக்கப்பட்டது, எவ்வளவு உரிமைக் கட்டணம் கிடைத்தது, அதில் வண்ணாத்திவில்லின் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் கிணற்றுக்கும் சென்றது எவ்வளவு, மூடப்படும் அடுத்த குழி எதற்குப் பயன்படப்போகிறது என்பவற்றை, அடுத்த அகழ்வு அனுமதிப்பத்திரத்தில் கையொப்பமிடுவதற்கு முன்னர், அங்குள்ள பிரதேச சபை மண்டபத்தில் தமிழிலும் சிங்களத்திலும் வாசித்துக் காட்டட்டும்.