தட்டில் இருக்கும் புற்று – 9: பூஞ்சணம் பிடித்த கடலை

வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டே இருப்போம். திடீரென ஒரு பருப்பு கசக்கும். முகத்தைச் சுளித்தபடி விழுங்கிவிட்டு, இன்னும் நாலைந்தைச் சேர்த்து மென்று கசப்பைப் போக்கிக்கொள்கிறவர்களே அதிகம். தயவுசெய்து துப்பிவிடுங்கள். பிள்ளைகளையும் துப்பப் பழக்குங்கள். கசப்பதெல்லாம் நஞ்சில்லை, வெறும் காறலாகவும் இருக்கலாம். ஆனால் சுருங்கிய, கருத்த, பூஞ்சணம் பிடித்த பருப்பில்தான் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இருக்க வாய்ப்பு அதிகம்.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. தீவனத்தில் கலந்திருந்த, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குதான் காரணம் என்று தெரிந்தது. அதில் வளர்ந்த பூஞ்சை சுரந்த நஞ்சுதான் அஃப்ளடாக்சின். மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கும் பொருள்களில் இதுவும் ஒன்று.

கல்லீரல் இந்த நஞ்சை வெளியேற்றத்தான் பார்க்கிறது. அந்த முயற்சியில் அதை இன்னும் மூர்க்கமான பொருளாக மாற்றிவிடுகிறது. அது மரபணுவில் போய் ஒட்டிக்கொள்கிறது. கட்டி வளராமல் தடுக்கும் பி53 மரபணுவையே சிதைக்கிறது. ஷாங்காயில் 18,000 ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. அஃப்ளடாக்சின் மட்டும் உடலில் சேர்ந்தவர்களுக்குக் கல்லீரல் புற்று வரும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு, ஹெபடைடிஸ் பி கிருமி மட்டும் இருந்தவர்களுக்கு 7 மடங்கு. இரண்டும் சேர்ந்தவர்களுக்கோ ஏறத்தாழ 60 மடங்கு! இந்தத் தொடருக்காகப் படித்தவற்றில் என்னை மிகவும் உலுக்கிய கணக்கு இதுதான்.

கேடு காட்டிலேயே தொடங்கிவிடுகிறது. காய் முற்றும் நேரத்தில் வறட்சி, பிடுங்கும் நேரத்தில் மழை என்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நன்றாகக் காய்ந்த காயைக் காதருகே ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலக்கும். அந்தச் சத்தம் வருமுன் மூட்டை கட்டி, ஈரத் தரையில் அடுக்கினால் முடிந்தது கதை. பிறகு வறுத்தாலும் வேகவைத்தாலும் நஞ்சு முழுதாகப் போகாது.

மரச்செக்கு எண்ணெய் நல்லதா என்று வாசகர்கள் கேட்கிறார்கள். எந்தக் கடலையை ஆட்டினார்கள் என்று செக்குக்காரரிடம் கேளுங்கள். சுத்திகரிப்பில் இந்த நஞ்சு பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கில் அந்த வேலை நடப்பதில்லை. ஆகவே சொத்தை பொறுக்கிய, காய்ந்த கடலையாக இருந்தால்தான் அந்த எண்ணெய்க்கு மதிப்பு.

நஞ்சின் பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கிவிடுகிறது. அதைத் தின்னும் மாட்டின் பாலில், சற்றே உருமாறி, எம்1 என்ற பெயரில் வருகிறது. காய்ச்சினாலும் போவதில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடெங்கும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 368இல் இது வரம்பை மீறியிருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551இல் 88. வேறு எந்த மாநிலத்திலும் இவ்வளவு மாதிரிகள் சிக்கவில்லை. இதை வீட்டுப் பெண்கள் தலையில் கட்ட முடியாது. தீவனத்தைச் சோதிப்பதும், விவசாயிக்கு உலர்களமும் கிடங்கும் தருவதும் அரசின் வேலை.

மாற்ற முடியும் என்பதற்குச் சீனாவின் சிடோங் வட்டாரமே சாட்சி. பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளமே அங்கே முக்கிய உணவாக இருந்தது. 1980களில் மக்கள் அரிசிக்கு மாறினார்கள். உடலில் அஃப்ளடாக்சின் வெகுவாகக் குறைந்தது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்ட தலைமுறை வளர்வதற்கு முன்பே கல்லீரல் புற்று மரணங்கள் குறையத் தொடங்கிவிட்டன.