அளவுகோல் ஒளிந்திருந்த மேகம்

நமக்கு ஐப்பசி மழை தொடங்கும் அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் வசந்தம். சிட்னிக்கு வடமேற்கே குனபராப்ரன் ஊரை அடுத்த வாரம்பங்கிள் தேசியப் பூங்கா, 2016இல் அந்நாட்டின் முதல் ‘இருள் வானப் பூங்கா’ ஆனது. அமாவாசையை ஒட்டிய ஓர் இரவு, மணி ஒன்பது. கைபேசியை அணைத்துவிட்டு இருபது நிமிடம் இருட்டில் இருங்கள். கண் பழகியதும் வானம் நிறையத் தொடங்கும்.

மேற்கே விருச்சிகம் இறங்கிக்கொண்டிருக்கும். தலை கீழே, கொடுக்கு மேலே. சிவப்பாக மினுங்குவது நம் கேட்டை நட்சத்திரம். அதற்கு மேலே தனுசு. பால்வீதியின் மையம் அந்தத் திசையில்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியக் கொடியில் பறக்கும் தென்சிலுவையையோ இந்த மாதத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். தெற்கு அடிவானத்தை ஒட்டிச் சாய்ந்து கிடக்கும். அண்ணாந்து பார்த்தால், உச்சிக்கு அருகே துணையின்றி ஒளிர்வது ஃபோமல்ஹாட். இன்று நாம் பார்ப்பது அங்கிருந்து 25 ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய ஒளி.

தென்கிழக்கில் பளிச்சென்று தெரிவது அகர்னார். அசுர வேகத்தில் சுழல்வதால் இடுப்புப் பெருத்துப்போன விண்மீன் அது. அதற்கு வலப்புறம் பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல் ஒரு வெளிர் திட்டு. அதற்குக் கீழே இன்னும் பெரிதாக மற்றொன்று. காற்றடித்தாலும் இவை கலையாது. சிறிய, பெரிய மெகல்லன் மேகங்கள் எனப்படும் இவை, நம் பால்வீதிக்கு அண்டையிலுள்ள குட்டி விண்மீன் மண்டலங்கள்.

சிறிய மேகத்தின் மேல் விளிம்பை ஒட்டி, மங்கிய விண்மீன்போல ஒரு புள்ளி தெரியும். பைனாகுலரில் அது பஞ்சுருண்டையாகும். லட்சக்கணக்கான விண்மீன்கள் திரண்ட கோளக் கொத்து அது. பெயர் 47 டுகானே. கொத்தும் மேகமும் தோளோடு தோள் உரசி நிற்பதாகத் தோன்றும். ஆனால் கொத்துக்குத் தொலைவு ஏறக்குறைய 15,000 ஒளியாண்டு. மேகத்துக்கு 2 லட்சம்!

கண்ணுக்குத் தெரியாத இந்த ஆழத்தை அளக்க வழி கிடைத்ததும் இந்த மேகத்திலிருந்துதான். பெரு நாட்டின் அரெக்கிப்பாவில் எடுத்த புகைப்படத் தகடுகளை, அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் உட்கார்ந்து ஆராய்ந்தார் ஹென்ரியெட்டா லீவிட். சிறிய மேகத்தில் ஒளி கூடிக் குறையும் 25 விண்மீன்களைப் பற்றி 1912இல் வெளிவந்த அவரது முடிவு எளிமையானது: துடிப்பு எவ்வளவு நிதானமோ, பிரகாசம் அவ்வளவு அதிகம். பக்கத்திலுள்ள அகல்விளக்கும் தொலைவிலுள்ள கோபுர விளக்கும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியலாம். ஆனால் இந்த 25ம் ஒரே மேகத்தில், ஏறத்தாழ ஒரே தொலைவில் இருப்பவை. எனவே பிரகாசத்தில் தெரிந்த வித்தியாசம் உண்மையான வித்தியாசம். இனி இவ்வகை விண்மீனின் துடிப்பை எண்ணினால் அதன் நிஜப் பிரகாசம் தெரியும். அது எவ்வளவு மங்கித் தெரிகிறது என்று பார்த்தால் தொலைவும் தெரிந்துவிடும்.

1923 அக்டோபரில், ஆண்ட்ரோமெடாவில் அப்படி ஒரு விண்மீனைக் கண்டார் எட்வின் ஹபிள். அதைக் கொண்டே ஆண்ட்ரோமெடா நம் பால்வீதிக்கு வெளியே உள்ள தனி மண்டலம் என நிறுவினார். இன்றைய கணக்கில் அதன் தொலைவு 25 லட்சம் ஒளியாண்டு.

வாரம்பங்கிளில் நள்ளிரவு வரை விழித்திருந்தால், வடக்கே திரும்பிப் பாருங்கள். அடிவானத்துக்குச் சற்று மேலே, பைனாகுலருக்குள் ஒரு மங்கல் கீற்று சிக்கும். அதுதான் ஆண்ட்ரோமெடா. முதுகுக்குப் பின்னால் அளவுகோல். முன்னால் அது அளந்து தந்த தொலைவு.