தேயிலை மண்ணில் சிவக்கும் கீரை

சுண்டலுக்கு ஆயும் முளைக்கீரையும், உச்சி இலைகள் சிவப்பும் மஞ்சளுமாக எரியும் அழகுச்செடியும் ஒரே இனம்தான்: அமராந்தஸ் ட்ரைகலர். நிறம் கூடிய செடிகளையே தேர்ந்து விதை எடுத்து வந்ததில் உருவானவை அழகு வகைகள்.

இந்தச் சிவப்பு ரோஜாவின் சிவப்பு அல்ல. ரோஜாவிலும் செம்பருத்தியிலும் இருப்பது ஆந்தோசயனின். கீரையில் இருப்பது பீட்ரூட்டுக்கு நிறம் தரும் பீட்டாலைன். இயற்கையில் இந்த இரண்டு நிறமிகளும் ஒரே செடியில் சேர்ந்து இருப்பதில்லை; தாவர உலகின் பெரிய புதிர்களில் இதுவும் ஒன்று என்பேன். பீட்டாலைன் நீரில் கரையும். அதனால்தான் சிவப்புக்கீரை வெந்த தண்ணீர் அப்படிச் சிவக்கிறது. வெயில் நன்றாக விழுந்தால் நிறம் ஏறும். நிழலிலும், யூரியா மிஞ்சிய மண்ணிலும் இலை பெருத்துப் பச்சையாகிவிடும்.

இலங்கையின் கண்டிப் பக்கத்துக் கலஹாவில் இதை வளர்க்க முதல் தடை மண். 1867இல் தோட்டக்காரர் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்த லூல்கந்துர தோட்டத்துக்கு இவ்வூர் வழியாகவும் போகலாம். சுற்றிலும் தேயிலை மலைதான். தேயிலைக்கு வேண்டியது பி.எச். 4.5 முதல் 5.5 வரையான புளிப்பு மண். இந்தக் கீரைக்கோ 6க்கு மேல் இருந்தால் நல்லது. கவ்வாத்துக் காலத்தில் மலைக்குப் போடும் டொலமைட்டே இதற்கும் மருந்து. சதுர மீட்டருக்கு ஒரு பிடி போதும். விதைப்பதற்குச் சில வாரம் முன்பே மண்ணில் கலந்துவிட வேண்டும். அடுப்புச் சாம்பலும் உதவும்.

அடுத்தது மழை. ஒரு கிராமில் ஆயிரத்துக்கு மேல் விதை இருக்கும். ஒரு பெருமழை போதும், பாத்தியே வழிந்தோடிவிடும். மழை குறையும் பெப்ரவரியில், விதையை உலர்ந்த மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய மண் போர்வை போடுங்கள். நாற்றுக்கு ஈரம் வேண்டும், தேங்கும் நீர் ஆகாது. அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிடும்.

பகல் குறுகினால் பூக்கும் இயல்பு இதற்கு உண்டு. கண்டிப் பக்கம் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூட இல்லை. பகல் எப்போதும் பெரிதாக நீளாததால் செடி சீக்கிரமே பூவுக்குப் போகும். பூத்தால் புது இலை குறையும். ஒரு சாண் உயரத்தில் நுனியைக் கிள்ளிவிடுங்கள். கொழுந்தெடுத்துப் பழகிய கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கக் கிளைகள் வெடித்து, ஒவ்வொன்றின் உச்சியிலும் நிறம் வரும்.

மகரந்தத்தைக் காற்று சுமந்து செல்லும். அழகுச்செடியில் விதை எடுக்க நினைத்தால், பக்கத்துப் பாத்திக் கறிக்கீரையைப் பூக்கும் முன்பே ஆய்ந்து சட்டிக்கு அனுப்பிவிடுங்கள்.