புள்ளிக்கு நிறம் கொடுத்தால் மெஷின் பிடிபடும்

ஓசூர் சிப்காட்டின் உதிரிபாகப் பட்டறைகளில் பேச்செல்லாம் மைக்ரான் கணக்குதான். ஷாஃப்ட்டின் விட்டம் சில மைக்ரான் கூடினாலே பேரிங்கில் சரியாக உட்காராது. இங்கே ஆலை நடத்தும் டிவிஎஸ் மோட்டார் 2002இல் டெமிங் பரிசு பெற்றது. அந்தப் பரிசு ஒரு புள்ளியியலாளரின் பெயரில் வழங்கப்படுவது. தரத்துக்கும் புள்ளியியலுக்கும் உறவு அவ்வளவு நெருக்கம்.

அந்தப் புள்ளியியலின் அருமையான கருவிகளில் ஒன்று கியூ-கியூ வரைபடம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ராமநாதன் ஞானதேசிகன், மார்ட்டின் வில்க்குடன் சேர்ந்து 1968இல் இதை விரிவாக எழுதினார்.

முறை எளிது. 50 ஷாஃப்ட்களை அளந்து, சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசைப்படுத்த வேண்டும். அளவுகள் இயல்நிலைப் பரவலில் இருந்தால், மிகச் சிறியது சராசரிக்குச் சுமார் 2.33 திட்ட விலக்கம் கீழேயும், மிகப் பெரியது அதே அளவு மேலேயும் இருக்கும். இப்படி ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்க்கும் இடத்தைக் கிடை அச்சிலும், அளந்த விட்டத்தை நெடு அச்சிலும் குறித்தால், புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டில் விழும்.

விழாமல் நடுவில் செங்குத்தாக எகிறினால்? மெஷின் நிலையாக ஓடவில்லை என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. இரண்டு சிஎன்சி லேத்களின் ஷாஃப்ட்கள் ஒரே தட்டில் கலந்திருக்கலாம். ஒன்று 24.99 மில்லிமீட்டரை ஒட்டியும் மற்றொன்று 25.01ஐ ஒட்டியும் வெட்டுகின்றன என்று வையுங்கள். முதல் லேத்துக்கு நீலம், அடுத்ததற்குச் சிவப்பு கொடுத்ததும் கீழ்ப்பாதி நீலமாகவும் மேல்பாதி சிவப்பாகவும் பிரிந்து நிற்கும். இரண்டும் தனித்தனியே ஒழுங்காகத்தான் ஓடுகின்றன. டூல் ஆஃப்செட்டைத் திருத்தினால் போதும். நிறங்கள் எங்கும் கலந்தே கிடந்தால் காரணம் லேத் அல்ல. ஷிப்ட் வாரியாகவோ கம்பி வந்த லாட் வாரியாகவோ நிறம் மாற்றிப் பார்க்க வேண்டும்.

நிரல் எழுதுவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விட்டங்களை மட்டும் வரிசைப்படுத்தி, லேத் எண்களைப் பழைய வரிசையிலேயே விட்டால் நிறம் ஆள் மாறி ஒட்டிக்கொள்ளும். 'ஆர்' மொழியின் கியூகியூநார்ம் புள்ளிகளைத் தரவின் மூல வரிசையிலேயே தருவதால் அங்கே சிக்கல் இல்லை. பைத்தானில் சைபையின் ப்ராப்பிளாட் வரிசைப்படுத்தியே தரும். அங்கே லேத் எண்களையும் அதே வரிசைக்கு மாற்ற வேண்டும். 'ஆர்' மொழிக்கான ஜிஜிபிளாட்டில் நிறம் கேட்டால், அது ஒவ்வொரு குழுவையும் தனியாகத் தரவரிசைப்படுத்தி இரண்டு கோடுகள் வரையும். குழுக்களை ஒப்பிட அது நல்லது. கலவையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை அது சொல்லாது.

இவ்வளவுக்கும் அடிப்படை, அளவெடுப்பவர் விட்டத்தின் பக்கத்திலேயே லேத் எண்ணையும் ஷிப்டையும் எழுதிவைப்பது. அந்த இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தால், எந்த மென்பொருளாலும் புள்ளிக்கு நிறம் கொடுக்க முடியாது.