தூங்கி எழுந்தால் நாமும் அவர்களில் ஒருவர்

காலையில் எழுந்து பார்த்தால், உடன் வாழ்பவர் நேற்று இருந்தவராக இல்லை. முகம் அதேதான். குரலும் அதேதான். நேற்றுப் பேசிய பேச்சுகூட அவருக்கு நினைவில் இருக்கிறது. ஆனாலும் ஏதோ ஒன்று காணாமல் போயிருக்கிறது. அது என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இதைப் போய் யாரிடம் புகார் கொடுப்பது?

1978ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த ‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்’ என்ற அமெரிக்கத் திரைப்படம் இந்தச் சங்கடத்தில்தான் தொடங்குகிறது. வேற்றுக்கிரகவாசிகள் பூமியைக் கைப்பற்றும் கதை என்றதும் பறக்கும் தட்டுகளும் லேசர் துப்பாக்கிகளும் நினைவுக்கு வரலாம். இதில் அவை எதுவும் இல்லை. படையெடுப்பு ஒரு மழை நாளில் சத்தமில்லாமல் நடந்து முடிகிறது. ஊரில் யாரும் அதைக் கவனிக்கவே இல்லை.

அரை நூற்றாண்டை நெருங்கும் இந்தப் படம் பல்கலைக்கழக மாணவர்களான நமக்கு இன்று எதற்கு? ‘எல்லாரும் செய்கிறார்கள், நாமும் செய்வோம்’ என்ற பழக்கத்தை இவ்வளவு பயங்கரமாகக் காட்டிய படங்கள் குறைவு என்பது என் எண்ணம். படத்தின் முடிவையும் இங்கு பேசப் போகிறேன். பார்க்க நினைப்பவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

நாவலிலிருந்து திரைக்கு

கதையின் மூலம் ஜாக் ஃபின்னி எழுதிய ‘தி பாடி ஸ்னாட்சர்ஸ்’ என்ற நாவல். 1954ல் ‘காலியர்ஸ்’ என்ற இதழில் தொடராக வந்து, 1955ல் புத்தகமானது. அடுத்த ஆண்டே டான் சீகல் அதைக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்தார். விண்ணிலிருந்து வரும் விதைகள் பெரிய நெற்றுகளாக விளைகின்றன. மனிதர் தூங்கும்போது அந்த நெற்றுக்குள் அவரைப் போலவே ஓர் உருவம் வளர்கிறது. விடியும்போது நகல் எழுந்து நடமாடும், அசல் அழிந்துபோயிருக்கும். நகலுக்கு நினைவும் அறிவும் உண்டு. உணர்ச்சி மட்டும் கிடையாது.

1950களின் அமெரிக்கா அச்சத்தில் உறைந்திருந்த காலம். ஒரு பக்கம் கம்யூனிசப் பயம். மறு பக்கம், கம்யூனிஸ்டு என்று யாரையாவது சந்தேகித்தாலே வேலையைப் பறித்த செனட்டர் மெக்கார்த்தியின் காலக் கெடுபிடி. அதனால் சீகலின் படத்தை இரண்டு விதமாகவும் பார்த்தார்கள். நெற்று மனிதர்கள் கம்யூனிஸ்டுகள் என்றார்கள் சிலர். இல்லை, வாயை மூடிக்கொண்டு கூட்டத்தோடு போன சாதாரண அமெரிக்கர்களே அவர்கள் என்றார்கள் வேறு சிலர். இரண்டு வாசிப்புக்கும் இடம் தருவதே அக்கதையின் பலம்.

நெடுஞ்சாலையில் ஓடும் கார்களைப் பார்த்துக் கதாநாயகன் கதறும் காட்சியோடு படத்தை முடிக்கவே சீகல் விரும்பினார். அவ்வளவு அவநம்பிக்கை வேண்டாம் என்று நினைத்த தயாரிப்பு நிறுவனம், அதிகாரிகள் கடைசியில் அவரை நம்புவதாக ஒரு முடிவைச் சேர்க்க வைத்தது.

சிற்றூரிலிருந்து பெருநகரத்துக்கு

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து மறுவுருவாக்கத்தை எடுத்தவர் ஃபிலிப் காஃப்மன். திரைக்கதை டபிள்யூ. டி. ரிக்டர். அவர்கள் செய்த முக்கியமான மாற்றம் கதை நடக்கும் இடம். பழைய படம் சாண்டா மிரா என்ற கற்பனைச் சிற்றூரில் நடக்கிறது. அங்கு எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். புதிய படம் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் மாறிப்போனால் இந்த ஊரில் யாருக்குத் தெரியும்?

இன்னொரு முரணும் உண்டு. 1960களில் ஹிப்பி இளையர்கள் கூடிய ஊர் சான் ஃபிரான்சிஸ்கோ. தனித்தன்மைக்குப் பேர்போன நகரம். 1970களில் மனநல ஆலோசனை, சுயமுன்னேற்றப் புத்தகங்கள், மண் குளியல் என்று ‘என்னை நானே கண்டுகொள்கிறேன்’ என்ற தேடல் அங்கே ஒரு மோகமாகவே இருந்தது. எல்லாரும் தனித்தன்மையைத் தேடிக்கொண்டிருந்த ஊரில்தான் எல்லாரும் ஒரே மாதிரி ஆகிறார்கள்.

டானல்ட் சதர்லண்ட் சுகாதாரத் துறை ஆய்வாளர் மேத்யூவாக நடித்திருக்கிறார். உணவகக் குழம்பில் எலிப் புழுக்கை கிடப்பதைக் கண்டுபிடிக்கும் அவரிடம், அது சமையலில் சேர்க்கும் மொட்டு என்று உரிமையாளர் சாதிக்கிறார். அப்படியானால் நீங்களே சாப்பிட்டுக் காட்டுங்கள் என்கிறார் மேத்யூ. பொய்யைப் பொய் என்று சொல்வதே தொழிலாகக் கொண்ட ஒருவர்! அவருடன் வேலை செய்யும் எலிசபெத் (புரூக் ஆடம்ஸ்), அழகாக இருக்கிறதே என்று ஒரு பூவைப் பறித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார். மறுநாள் காலை அவருடன் வாழும் ஜெஃப்ரி வேறு ஆளாக இருக்கிறார்.

முதல் முறை பார்க்கும்போது கண்ணில் படாமல் போகக்கூடிய ஒன்று குப்பை லாரிகள். படம் முழுவதும் அவை வந்து வந்து போகின்றன. உள்ளே சாம்பல் நிறப் பஞ்சு போல ஏதோ நசுங்குகிறது. நேற்றுவரை மனிதர்களாக இருந்தவர்களின் மிச்சம் அது என்று பிறகுதான் உறைக்கிறது.

பயமுறுத்துவது யார்?

நெற்று பிளந்து உடல் வெளிவரும் காட்சி அருவருப்பூட்டும். நெற்று மனிதர்கள் எழுப்பும் அலறல் காதை விட்டுப் போகாது. ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் ஒலிகளை உருவாக்கிய பென் பர்ட் செய்த வேலை அது; பன்றிகளின் கிறீச்சலும் அதில் கலந்திருக்கிறது.

இருந்தாலும் என்னை அதிகம் பயமுறுத்தியவர் டாக்டர் கிப்னர். ‘ஸ்டார் டிரெக்’ தொடரில் ஸ்போக்காக நடித்த லெனர்ட் நிமோய் அந்த வேடத்தில் வருகிறார். கிப்னர் புகழ்பெற்ற மனநல மருத்துவர், புத்தகங்கள் எழுதியவர். தன் துணை மாறிவிட்டார் என்று எலிசபெத் சொல்லும்போது அவர் கோபப்படுவதில்லை, கேலி செய்வதும் இல்லை. கனிவாக விளக்குகிறார்: உங்களுக்கு இந்த உறவிலிருந்து விலக ஆசை, அதற்கு மனம் ஒரு காரணம் தேடுகிறது, அவ்வளவுதான். கேட்பவர்களுக்கு அது நியாயமாகவே படுகிறது.

ஒருவரின் வாயை அடைக்க மிரட்டத்தான் வேண்டும் என்பதில்லை. ‘நீ களைத்திருக்கிறாய், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்’ என்று அன்பாகச் சொன்னாலே போதும். இந்தக் கதையில் தூங்கினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும்.

ஒரு கேள்வி

விடுதி நண்பர்களோடு படத்தைப் பார்த்து முடித்தபோது ஒரு நண்பர் கேட்டார்: “அவங்க யாரையும் வெறுக்கல, சண்டை போடல, பொறாமைப்படல. அப்படிப் பார்த்தா அதுல என்ன தப்பு?”

அறையில் யாரும் உடனே பதில் சொல்லவில்லை. நல்ல கேள்வி. படத்திலும் நெற்று மனிதர்கள் இதையேதான் விற்கிறார்கள்: இனி வெறுப்பு தேவையில்லை. அன்பும் தேவையில்லை. தேர்வுக் காலத்தில் நள்ளிரவு வரை கண்விழித்து, வேலை கிடைக்குமா, மதிப்பெண் போதுமா என்று மருகிக்கொண்டிருக்கும் நம்மில் பலருக்கு, கவலையே இல்லாத ஒரு காலை கொஞ்சம் கவர்ச்சியாகத்தான் தெரியும்.

பதிலைப் படம் தன் கடைசிப் பகுதியில் காட்டுகிறது. நகரம் முழுவதும் மாறிவிட்டது. அலுவலகத்துக்கு ஆட்கள் வருகிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள், போகிறார்கள். யாரும் யாரோடும் பேசுவதில்லை, சிரிப்பதில்லை. சண்டையை எடுத்தால் அதனோடு சேர்ந்து வேறு எவையெல்லாம் போய்விடுகின்றன என்பது அந்த அலுவலகத்தைப் பார்த்தால் புரியும்.

படம் வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன் நிஜத்திலும் ஒரு பயங்கரம் நடந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் இயங்கிப் பின்னர் தென் அமெரிக்காவின் கயானாவுக்குக் குடிபெயர்ந்த ‘பீப்பிள்ஸ் டெம்பிள்’ என்ற குழுவைச் சேர்ந்த 900க்கும் மேற்பட்டோர், 1978 நவம்பர் 18 அன்று தலைவர் ஜிம் ஜோன்ஸின் கட்டளையால் மாண்டார்கள். குழந்தைகளும் அதில் அடக்கம். அதற்கு முன்பே எடுக்கப்பட்ட படம் என்றாலும், அந்த ஊர் ரசிகர்களுக்கு அது வெறும் கற்பனையாகத் தெரிந்திருக்காது.

மூன்று கோடுகளும் ஒரு குரலும்

கூட்டத்தோடு போகும் இந்தக் குணத்தை உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களின் தொடக்கத்தில் சோதித்துப் பார்த்தார். சோதனை எளிமையானது. அட்டையில் மூன்று கோடுகள். இன்னோர் அட்டையில் உள்ள கோட்டின் நீளத்துக்கு எது சமம் என்று சொல்ல வேண்டும். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருப்பவர்களில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் ஆஷின் ஆட்கள். 18 சுற்றுகளில் 12 முறை அவர்கள் வேண்டுமென்றே ஒரே தவறான விடையைச் சொல்வார்கள்.

சோதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் ஒருமுறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறான விடை சொன்னார்கள். கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு! பலர் இந்த எண்ணிக்கையோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்து வந்த முடிவு. கூட்டத்தில் இன்னும் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது, தவறுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. பெரும்பான்மை தேவைப்படவில்லை. ஒரு துணை போதுமாக இருந்தது.

படத்தில் எலிசபெத்துக்கு அந்தத் துணை மேத்யூ. அவர் சொல்வதை மேத்யூவாலும் முதலில் முழுதாக நம்ப முடியவில்லை. ஆனாலும் அவரைத் தட்டிக்கழிக்கவில்லை. கூடவே நடக்கிறார். ஆபத்தென்று தோன்றிய இரவில் அவர் வீட்டுக்குள் நுழைந்து, பக்கத்திலேயே நகல் வளர்ந்துகொண்டிருக்கும் நிலையில் அவரைத் தூக்கி வருகிறார்.

நடித்துத் தப்பலாமா?

நெற்று மனிதர்களிடையே உயிர்பிழைக்க நான்சி (வெரோனிகா கார்ட்ரைட்) என்ற பெண் ஒரு வழி கண்டுபிடிக்கிறார்: முகத்தில் எதையும் காட்டாமல் அவர்களைப் போலவே நடப்பது. நமக்கும் பழக்கமான உத்தி இது. டியூட்டோரியல் வகுப்பில் எல்லாரும் தலையாட்டும்போது நாமும் ஆட்டுவோம். நண்பர்கள் குழுவில் ஒருவரைக் கிண்டல் செய்து செய்தி வந்தால், பிடிக்காவிட்டாலும் ஒரு சிரிப்பு முகத்தை அனுப்பி வைப்போம். உள்ளுக்குள் நாம் அப்படி இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்வோம்.

ஒத்துப்போவதெல்லாம் தவறு என்று நான் சொல்லவில்லை. வரிசையில் நிற்பதும் சாலை விதியை மதிப்பதும் ஒத்துப்போவதுதான். அது இல்லாமல் ஒன்றாக வாழ முடியாது. எல்லாரும் நடித்துக்கொண்டே இருந்தால், யார் இன்னும் மனிதர் என்று ஒருவருக்கொருவர் தெரியாமல் போய்விடும். அதுதான் சிக்கல்.

படத்தின் கடைசிக் காட்சி அதைத்தான் சொல்கிறது. வெட்டிவிடப்பட்ட மொட்டை மரங்களுக்கு நடுவே மேத்யூ நடந்து வருகிறார். அவரும் தன்னைப் போலத்தான் நடிக்கிறார் என்று நம்பி நான்சி மெல்லப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். மேத்யூ திரும்பி, அவரை நோக்கி விரலை நீட்டி, அந்த அலறலை எழுப்புகிறார். திரை இருள்கிறது. இந்த முறை யாரும் நல்ல முடிவைச் சேர்க்கவில்லை.

இதே கதையை 1993லும் 2007லும் மீண்டும் எடுத்திருக்கிறார்கள். முதலாவது ராணுவ முகாமில் நடக்கிறது; இரண்டாவதில் கிருமி போலப் பரவும் ஆபத்துக்கு மருந்தும் கிடைத்துவிடுகிறது. எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் 1978ஐத்தான் சொல்வேன்.

அடுத்த முறை யாராவது தயங்கித் தயங்கி, “எனக்கு இது சரியாகப் படவில்லை” என்று சொன்னால், உடனே விளக்கம் சொல்லி அனுப்பிவிடாமல், “என்ன படுகிறது, சொல்” என்று கேட்டுப் பார்க்கலாம். ஆஷின் அறையில் தேவைப்பட்டதும் அந்த ஒரு குரல்தான்.